விறாந்தையில் குரோட்டன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை, பாலையூற்றில் எங்கள் வீட்டு விறாந்தையில் இன்றைய கணக்குக்கு 31 குரோட்டன் சாடிகள் நிற்கின்றன. படலையைத் திறந்து வருகிறவர்கள் முதலில் அவற்றைப் பார்ப்பார்கள். தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் தங்கள் வீட்டுக் குரோட்டனின் கதை வந்துவிடும், பெரும்பாலும் சோகக்கதை. கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே எழுதி, பதிலையும் கீழே எழுதிவைத்தேன். நான் விவசாயம் படித்தவள் அல்ல. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். சாகக் கொடுத்த கன்றுகளின் கணக்கும் என்னிடம் சரியாக இருக்கிறது.

ரீச்சர், கலர் இலை உள்ள கன்று எல்லாமே குரோட்டன்தானே?

அப்படித்தான் எல்லாரும் சொல்கிறோம். கோலியஸையும் கலேடியத்தையும் அக்லோனிமாவையும்கூடக் குரோட்டன் என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. நான் இங்கே சொல்லப்போவது, தடித்து மெழுகு பூசினாற்போல் மினுங்கும் இலையும் முற்றினால் மரமாகும் தண்டும் உள்ள ஒன்றைப் பற்றி மட்டும். தாவரவியல் பெயர் கோடியம் வேரிகேட்டம். இந்தோனேசியா, மலேசியா, அவுஸ்திரேலியாவின் வடபகுதி, பசிபிக் தீவுகள் ஆகியன அதன் சொந்த ஊர்கள். ஆமணக்கு, மரவள்ளி, றப்பர் எல்லாம் இதற்குச் சொந்தக்காரர். இலை அகலமாக இருக்கும், ஊசியாக இருக்கும், முறுக்கிக்கொண்டு இருக்கும். ஒரு இலையின் நுனி நரம்பில் இன்னொரு குட்டி இலை தொங்குவதும் உண்டு. பார்த்தால் நான்கு சாதி போல் தெரியும். எல்லாம் ஒரே இனம்.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது, பின்னால் ஒரு கேள்விக்குத் தேவைப்படும். உண்மையான 'குரோட்டன்' பேரினத்தில் இருப்பது நம் வைத்தியர்கள் பேதிக்குக் கொடுத்த நேர்வாளம். 1753இல் லின்னேயஸ் நம் விறாந்தைச் செடியையும் அதே பெயரில் சேர்த்துவிட்டார். பிறகு தாவரவியலாளர்கள் பிரித்துவிட்டார்கள். கன்று விற்கிறவர்கள் பிரிக்கவில்லை.

வாங்கி வந்து ஒரு கிழமைதான். இலை எல்லாம் பொலபொலவெண்டு கொட்டுது. செத்துப்போச்சா?

இந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுதத் தொடங்கினேன் என்று சொல்லலாம். இல்லை, சாகவில்லை. குரோட்டன் இடம் மாறினால் இலையைக் கொட்டும். அது அதன் குணம். நம் ஊருக்கு வரும் கன்றுகளில் பல, ஈரக்காற்று உள்ள பகுதிகளில் நிழல்வலைக்குக் கீழே செல்லமாக வளர்ந்தவை. லொறியில் ஒரு நாள் ஆடிக் குலுங்கி வந்து, வீதியோரக் கடையில் வெயில் காய்ந்து, பிறகு உங்கள் வீட்டு ஹோலின் இருட்டு மூலைக்குப் போகிறது. பழைய வெளிச்சத்துக்கு அளவாக வைத்திருந்த இலைகளைப் புதிய இடத்தில் அதனால் தாங்க முடியாது. கழற்றிவிட்டு, இருக்கிற வெளிச்சத்துக்கு ஏற்றபடி புதிதாக விடும்.

சோதிக்க ஒரு வழி: தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. கபிலமாக, காய்ந்து இருந்தால் இன்னும் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். அடியிலாவது பச்சை இருந்தால் காய்ந்த பகுதியை வெட்டிவிட்டுக் காத்திருக்கலாம். என் வீட்டில் ஒன்று ஒரு இலைகூட இல்லாமல் வெறும் தடியாக ஏழு கிழமை நின்றது. வீட்டுக்காரர் அதில் துவாய் காயப்போடத் தொடங்கிவிட்டார். இப்போது அதுதான் எல்லாவற்றிலும் உயரம்.

கொட்டுகிற நேரத்தில் செய்யக்கூடாதவைதான் முக்கியம். தண்ணீரைக் கூட்டாதீர்கள், இலை இல்லாத செடி தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு. உரம் போடாதீர்கள். சாடி மாற்றாதீர்கள். இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று தூக்கித் திரியாதீர்கள். ஒவ்வொரு இடமாற்றமும் அதற்கு முதலாம் நாள்தான். கொட்டியதால் செத்த குரோட்டனை நான் கண்டதே குறைவு. கொட்டுகிறதே என்று பதறி ஊற்றிய தண்ணீரில் வேர் அழுகிச் செத்தவை என் கணக்கில் மட்டும் ஒன்பது.

அப்ப எங்க வைக்கிறது? ஹோலுக்குள்ள வைக்கேலாதா?

வைக்கலாம், யன்னலடியில். நடு ஹோலில், ரீவிக்குப் பக்கத்தில் வைத்தால் உயிரோடு இருக்கும், ஆனால் நிறம் இருக்காது. நம் கண் இருட்டுக்குப் பழகிவிடும். செடிக்கு அந்த வசதி இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்குச் சாடி வைக்கும் இடத்தில் கையை நீட்டுங்கள். கையின் நிழல் விளிம்பு தெளிவாக விழுந்தால் போதிய வெளிச்சம் உண்டு. நிழலே தெரியாவிட்டால் அங்கே பிளாஸ்ரிக் பூவை வையுங்கள்.

திசை விசயத்தில் யூரியூப்பை நம்பவேண்டாம். 'தெற்கு யன்னலில் வையுங்கள்' என்று அதில் சொல்வது, வருடம் முழுக்கச் சூரியன் தெற்கே நிற்கும் குளிர்நாட்டுக்காரருக்கு. திருகோணமலை வடக்கு 8.5 பாகையில் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதன்பிறகு ஓகஸ்ட் கடைசி வரை மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அதனால்தான் 'வடக்குப் பார்த்த விறாந்தை, வெயிலே வராது' என்று சொன்னவர்கள் வீட்டில் ஆனி மாதம் இலை கருகுகிறது. மார்கழியில் நிலைமை தலைகீழ்: தெற்கு விறாந்தைக்குள் வெயில் நன்றாகச் சாய்ந்து வரும்.

கிழக்குப் பார்த்த இடம்தான் எல்லாக் காலத்துக்கும் நல்லது. காலை வெயில் மூன்று நான்கு மணித்தியாலம், பிறகு வெளிச்சமான நிழல். மேற்கும் தென்மேற்கும் நம் ஊரில் மோசம், ஏனென்றால் பின்னேர வெயிலும் கச்சான் காற்றும் அந்தப் பக்கத்தால் சேர்ந்து வரும். (நான் சொல்வது கொறிக்கிற கச்சானை அல்ல. மே முதல் ஓகஸ்ட் வரை தரைப்பக்கமிருந்து அனல்போல வீசும் காற்றை.)

வாங்கேக்க சிவப்பா இருந்தது, இப்ப பச்சையாப் போச்சு. நிறம் அடிச்சு ஏமாத்திப்போட்டாங்களா?

நிறம் அடிக்கவில்லை. இலையில் பச்சையம், மஞ்சள் தரும் கரோட்டினாய்ட்டு, சிவப்பும் ஊதாவும் தரும் அந்தோசயனின் மூன்றும் கலந்திருக்கும். வெளிச்சம் குறைந்தால், கிடைக்கிற கொஞ்சத்தையும் பிடிப்பதற்காகச் செடி பச்சையத்தைக் கூட்டும், சிவப்பைக் குறைக்கும். பட்டினிக் காலத்தில் யாராவது பட்டு உடுத்துவார்களா?

பல வகைகளில் தளிர் பச்சை அல்லது மஞ்சளாகத்தான் வரும். முற்ற முற்றத்தான் சிவப்பு ஏறும். ஆகவே நுனியைப் பார்த்து ஏமாற வேண்டாம், நடு இலைகளைப் பாருங்கள். அவையும் பச்சை என்றால் இடத்தை மாற்றுங்கள், ஆனால் ஒரேயடியாக வெயிலுக்குத் தள்ளாதீர்கள். இரண்டு மூன்று கிழமை எடுத்து, ஒவ்வொரு முழமாக வெளிச்சத்துக்கு நகர்த்துங்கள். பச்சையான பழைய இலை முழுதாகத் திரும்பாது. புதிதாக வருவதில்தான் நிறம் தெரியும். யூரியா போட்டிருந்தாலும் இப்படிப் பச்சை ஏறும்; உரக் கேள்வியில் சொல்கிறேன்.

தண்ணி எத்தினை நாளைக்கு ஒருக்கா ஊத்தவேணும்?

நாள்கணக்கு இல்லை. விரலை மண்ணில் இரண்டு கணு ஆழத்துக்கு விடுங்கள். ஈரம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால் சாடியின் அடித்துளையால் வடியும்வரை ஊற்றுங்கள். என் விறாந்தையில் ஆடி மாதத்தில் சின்னச் சாடிகளுக்கு ஒவ்வொரு நாளும் தேவைப்படும். கார்த்திகையில் பத்து நாள் ஊற்றாமல் விட்டதும் உண்டு. சாடி, செடி, கை எல்லாம் ஒன்றுதான், காற்றுத்தான் வேறு.

தினமும் ஒரு கோப்பை என்று மேலால் தெளிப்பவர்கள் அதை விட்டுவிடவேண்டும். மேல்மண் நனையும், அடிவேர் காயும், உப்பும் உள்ளேயே தங்கும்.

தண்ணி கூடினாலும் இலை தொங்குது, குறைஞ்சாலும் தொங்குது. எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

சாடியைத் தூக்கிப் பாருங்கள். பாரமில்லாமல் இருந்தால் தாகம். ஊற்றி ஓரிரு மணித்தியாலத்தில் நிமிரும். பாரமாக, மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் வேருக்கு மூச்சு முட்டுகிறது. கீழ் இலைகள் மஞ்சளாகி விழும், மண்ணை மணந்தால் புளித்த வாடை வரும். அப்போது சாடியால் கழற்றி, கறுத்து நசியும் வேர்களை வெட்டி, புதுமண்ணில் கொஞ்சம் சின்னச் சாடியில் வைத்து நிழலில் விடவேண்டும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு: மத்தியானம் தளிர் மட்டும் தொங்கி, பொழுது சாய நிமிர்வது. அதற்கு ஒன்றுமே செய்யத் தேவையில்லை.

எங்கட கிணத்துத் தண்ணி உப்பு. உப்புவெளி எண்டு பேர் வச்சவன் சும்மா வைக்கேல்ல. ஊத்தலாமா?

கரையோரக் கிணறுகளில் மாரியில் நல்ல தண்ணீரும், கோடை முற்ற முற்ற உவரும் வரும். நீர்மட்டம் இறங்க உப்புச் செறிகிறது. வாயில் வைத்துப் பார்த்தாலே கரித்தால் ஊற்றாதீர்கள். கரிக்காத தண்ணீரிலும் கரைந்த சுண்ணாம்பு இருக்கலாம். கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்குப் படிகிறதா என்று பார்த்தால் தெரியும். செடியில் அடையாளம்: சாடி விளிம்பிலும் மேல்மண்ணிலும் வெள்ளைப் பொருக்கு, இலை நுனியும் ஓரமும் காய்ந்து கபிலமாவது. தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், சுண்ணாம்பு கூடி இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியவில்லை என்று அர்த்தம்.

மழைத்தண்ணீர்தான் மருந்து. என் கணக்கைச் சொல்கிறேன். 31 சாடிக்கும் ஒருமுறை ஊற்ற, சாடிக்கு அரை லீற்றராக 15.5 லீற்றர் வேண்டும். 200 லீற்றர் பரல் ஒன்று நிரம்பினால் 12 தரம் ஊற்றலாம். எல்லா நாளும் ஊற்றினால் இரண்டு கிழமைக்குக் காணாது. கிழமைக்கு ஒரு தரம் மட்டும் மழைத்தண்ணீர், மற்ற நாட்களில் குழாய்த்தண்ணீர் என்றால் கச்சான் காலத்தில் மூன்று மாதம் வரை ஒரு பரலில் ஓட்டிவிடலாம். பரல் வாய்க்கு நுளம்பு புகாத வலை கட்டாயம்.

ஏற்கெனவே உப்பு ஏறிய சாடியை முற்றத்தில் வைத்து, நல்ல தண்ணீரை மெதுவாக, சாடி கொள்ளும் அளவின் இரண்டு மூன்று மடங்குக்கு ஊற்றி வடியவிடுங்கள். மாரியில் நல்ல மழை நாளொன்றில் வெளியே வைத்தால் இந்த வேலையை வானம் செய்துதரும்.

தண்ணியைக் கொதிக்க வச்சு ஆறவிட்டு ஊத்தினா உப்புப் போகாதா?

போகாது. தண்ணீர் ஆவியாகி உப்பு மிச்சப்படும், உப்பளத்தில் நடப்பதுதான் கேத்தலிலும். குழாய்த்தண்ணீரை இரவு முழுக்க வாளியில் வைத்தால் குளோரின் வாடை போகும். அது வேறு விசயம். குளோரினுக்குக் குரோட்டன் பெரிதாகப் பயப்படுவதும் இல்லை.

என்ன மண் போடுறது? கடற்கரை மணல் கலந்தா நல்லா வடியுமே?

வடியும், உப்போடும் சிப்பித்துண்டோடும். மேலே சொன்ன தொல்லை எல்லாவற்றையும் கையால் வாரிப்போட்ட மாதிரி. ஆற்று மணல் எடுங்கள். நான் கலப்பது: தோட்டத்துச் செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு. கையில் கிடைத்தால் ஒரு பிடி உமிக்கரி.

தும்புத்தூளை அப்படியே போடவேண்டாம். கரையோரத் தேங்காய் மட்டையிலும், உவர்த்தண்ணீரில் ஊறவைத்ததிலும் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்துப் பிழிந்து ஊற்றுவதை இரண்டு மூன்று தரம் செய்யுங்கள். புதிதாக வாங்கிய கன்றை வந்த அன்றே மண் மாற்றாதீர்கள், காரணம் இரண்டாம் கேள்வியில் இருக்கிறது. ஒரு மாதம் போகட்டும்.

மண்சட்டியா பிளாஸ்ரிக்கா நல்லது?

மண்சட்டி மாரிக்கு நல்லது, பிளாஸ்ரிக் கோடைக்கு நல்லது. இரண்டு காலத்துக்கும் ஒன்றே வேண்டுமென்றால் பிளாஸ்ரிக்கில் துளையைக் கூட்டிப் போடுங்கள். துளையில்லாத பீங்கான் சாடி அழகுக்கு மேற்சட்டையாக மட்டும் இருக்கட்டும். உள்ளே துளையுள்ள சாடி இருக்கவேண்டும், ஊற்றிய பின் எடுத்து வடித்துவிட்டு வைக்கவேண்டும்.

கச்சான் காத்துத் தொடங்கினா இலை மங்கி, தூசி படிஞ்ச மாதிரி வருது. துடைச்சாலும் போகுதில்லை.

அது தூசி அல்ல, சிற்றுண்ணி. இலையின் அடிப்பக்கம் இருந்து சாறு உறிஞ்சும். மேலே ஊசி குத்தினாற்போல் வெளிறிய புள்ளிகள் நிறையும். முற்றினால் கொப்புக்கும் இலைக்கும் நடுவே மெல்லிய நூலாம்படை தெரியும். வெள்ளைக் கடதாசி ஒன்றை இலைக்குக் கீழே பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூளில் ஏதாவது நடக்கத் தொடங்கினால் சந்தேகமில்லை.

சூடும் வறண்ட காற்றும் இதற்குக் கொண்டாட்டம். ஆகவே முதல் மருந்து தண்ணீர். மூன்று நாளைக்கு ஒருமுறை, காலையில், குழாயால் இலையின் அடிப்பக்கம் படும்படி பலமாக அடியுங்கள். இரண்டு மூன்று கிழமை விடாமல் செய்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், அது கலக்கச் சில துளி பாத்திரம் கழுவும் திரவம், பொழுதுபட்ட பிறகு மட்டும். நான் ஒருமுறை காலை ஒன்பது மணிக்கு அடித்தேன். மத்தியானம் இலைகள் அப்பளம் பொரித்தாற்போல் நின்றன.

கடையில் 'பூச்சிக்கு மருந்து' என்று கேட்டு வாங்கி அடிப்பவர்கள் கவனிக்கவேண்டியது: இது பூச்சி அல்ல, சிலந்தி வகை. பூச்சிமருந்து பலவற்றுக்கு இது சாகாது. இதைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் சாகும், பிறகு இன்னும் பெருகும்.

கணுவில வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கிடக்குது, எறும்பும் ஊருது.

வெண்மூட்டுப்பூச்சி. பஞ்சில் சத்திரசிகிச்சைச் ஸ்பிரிற் தோய்த்து ஒவ்வொன்றாகத் துடையுங்கள். எறும்பு அதன் இனிப்புக் கழிவுக்காகக் காவல் நின்று பக்கத்துச் சாடிக்கும் தூக்கிப் போகும். எறும்பை நிறுத்தாமல் பஞ்சைத் துடைப்பது வீண்வேலை. சாடியை ஒரு தட்டில் கல்லின் மேல் நிறுத்தித் தட்டில் சவர்க்காரத் தண்ணீர் விட்டால் எறும்பு ஏறாது. அந்தத் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

மாரி மழைக்கு வெளியில விடலாமா? நல்லா நனையட்டும் எண்டு விட்டனான்.

முதல் மழைகள் அமிர்தம். ஐப்பசியில் விறாந்தை விளிம்புக்குத் தள்ளிவிடுங்கள்; தூசி, உப்பு, சிற்றுண்ணி எல்லாம் கழுவிப்போகும். ஆனால் கார்த்திகை மார்கழியில் நாள்கணக்காகப் பெய்யும்போது சாடியைக் கூரைக்குள் இழுங்கள். மண் காயவே நேரம் கிடைக்காவிட்டால் வேர் அழுகும், இலையில் கரும்புள்ளி விழும். மழை விட்ட தையில் வாடைக்காற்று கடல்பக்கமிருந்து உப்பைக் கொண்டுவரும். நிலாவெளிப் பக்கம் உள்ளவர்கள் கிழமைக்கொருமுறை இலையைக் கழுவிவிடுங்கள். குரோட்டன் கடற்காற்றைக் கொஞ்சம் தாங்கும், முழுக்கத் தாங்காது.

சாடிக்குக் கீழே வைக்கும் தட்டை மாரி முழுக்க எடுத்துவிடுங்கள். 2017இல் கிண்ணியா டெங்கினால் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் முதலில் குனிந்து பார்ப்பது பூச்சாடித் தட்டைத்தான், அதில் அவர் பக்கம்தான் நியாயம்.

என்ன உரம்? தேயிலைச் சக்கை, முட்டைக்கோது எல்லாம் போடுறன்.

தேயிலைச் சக்கை போடலாம், வெறும் சாயத்தினுடையதாக இருந்தால். பாலும் சீனியும் சேர்ந்த சக்கை எறும்புக்கு விருந்து, எறும்பு என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். முட்டைக்கோது சுண்ணாம்பு, நம் கிணறே அதைத் தாராளமாகத் தருகிறது, நாம் வேறு சேர்க்கவேண்டாம்.

2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது நானும் வேறு வழியில்லாமல் குசினிக் கழிவில் கூட்டெரு போடப் பழகினேன். தடை நீங்கியும் விடவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு பிடி கூட்டெரு மேல்மண்ணோடு கிளறிவிடுவது போதும். தண்ணீரில் கரைக்கும் உரம் போடுகிறவர்கள் பைக்கற்றில் சொன்ன அளவில் பாதியை மாதம் ஒருமுறை, ஈரமண்ணில் மட்டும். உரமும் ஒருவகை உப்புத்தான் என்பதால் கச்சான் காலத்தில் நிறுத்திவிடுங்கள். யூரியா வேண்டவே வேண்டாம். தழைச்சத்து கூடினால் செடி கொழுத்துப் பச்சையாகும். நமக்குத் தேவை கீரை அல்ல.

பூக்குது. நல்லதா கெட்டதா?

இரண்டும் இல்லை. நூலில் கோத்தாற்போல் சின்ன வெள்ளைப் பூக்கள். கிள்ளிவிட்டால் இலைக்குப் பலம், விட்டாலும் குற்றமில்லை.

நெடுக வளர்ந்து அடி மொட்டையாப் போச்சு. வெட்டினா செத்துப்போகுமா?

சாகாது. முதல் மழையோடு, ஐப்பசியில் வெட்டுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று கிளை விடும். கையுறை போடுங்கள், சாறு சட்டையில் பட்டால் கறை போகாது, தோலில் பட்டால் சிலருக்குக் கடிக்கும்.

வெட்டிய நுனிகளை எறியவேண்டாம். அரை அடி நீளத்தில் எடுத்து, கீழ் இலைகளைக் கழற்றி, பெரிய இலைகளைப் பாதியாக நறுக்கி, ஈர மணலும் தும்புத்தூளும் கலந்த சாடியில் நட்டு, மேலே பொலித்தீன் பையைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். வேர்விட ஐந்தாறு கிழமை ஆகும். மூன்றில் ஒன்று போனால் மனதை விடவேண்டாம். இழக்கவே கூடாத வகை என்றால் வெட்டாமல் பதி வையுங்கள்: பென்சில் பருமனான கொப்பில் ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையைச் சுற்றி உரித்து, ஈரத் தும்பை உருண்டையாக வைத்து, பொலித்தீனால் சுற்றி இரண்டு பக்கமும் இறுகக் கட்டுங்கள். வெள்ளை வேர் வெளியே தெரிந்தபின் கீழே வெட்டி நடலாம். தாய்ச்செடி ஊட்டிக்கொண்டே இருப்பதால் இதில் தோற்பது அருமை.

ஒரு இலையைத் தண்ணிக்குள்ள வச்சன், வேர் வந்திட்டுது. ஆறு மாசமாச்சு, கன்று மட்டும் வரவேயில்லை.

வராது. குரோட்டன் இலை வேர்விடும்; மேலே முளைக்க அரும்பு வேண்டும், அது தண்டின் கணுவில்தான் இருக்கிறது. வேரோடு ஒரு இலை வருடக்கணக்கில் பச்சையாக நிற்கும், அவ்வளவுதான். அடுத்தமுறை கணு உள்ள தண்டாக எடுங்கள். இந்த இலையை யாராவது 'மண்ணில் வைத்தால் கன்றாகும்' என்று விற்றால் வாங்கவேண்டாம்.

குரோட்டன் நஞ்சு, வீட்டில வச்சா புற்றுநோய் வரும் எண்டு வட்சப்பில வந்தது. சின்னப்பிள்ளை இருக்கிற வீடு.

இரண்டு செய்தியை யாரோ ஒன்றாகக் குழைத்திருக்கிறார்கள். முதற்கேள்வியில் சொன்ன பெயர்க்குழப்பம் இங்கேதான் வருகிறது. நேர்வாள விதையின் எண்ணெய்க்கு ஆங்கிலத்தில் 'குரோட்டன் எண்ணெய்' என்று பெயர். அதை ஆய்வுகூட எலிகளின் தோலில் தடவிப் புற்றுநோய் எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்தது உண்மை. ஆனால் அது வேறு செடியின் விதை எண்ணெய். நம் விறாந்தைச் செடி பக்கத்தில் நிற்பதால், அதன் காற்றைச் சுவாசிப்பதால், யாருக்கும் புற்றுநோய் வராது.

அதற்காக அப்பாவிச் செடி என்றும் சொல்லமாட்டேன். ஆமணக்குக் குடும்பத்துச் சாறு. இலையை மென்றால் வாய் எரியும், வயிற்றைப் புரட்டும், வாந்தி வரும். தவழ்கிற பிள்ளை உள்ள வீட்டில் தரையில் வைக்காதீர்கள், விழுந்த இலையை அன்றன்றே பொறுக்குங்கள். மென்றுவிட்டால் வாயைக் கழுவிவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். வெட்டிய கையால் கண்ணைக் கசக்காதீர்கள்.

ரவுணுக்குள்ள மான் திரியுதே, அது தின்னுமா?

கோட்டைப் பக்கத்து மான்கள் கடைத்தெருவரை வருவது நமக்குப் புதினமில்லை. டொக்யார்ட் வீதியில் ஒரு சிநேகிதி வீட்டில் என் கண்ணால் பார்த்தது இது: ஒரு கிளைமான் படலைக்குள் வந்து குரோட்டனை மோந்து, தளிரில் ஒரு வாய் கடித்து, முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டு, பக்கத்தில் நின்ற செவ்வரத்தையை மொட்டையடித்தது. பிறகு கொம்பைக் குரோட்டன் தண்டில் உரசிச் சாடியைக் கவிழ்த்துவிட்டுப் போனது. ஆக, பயப்படவேண்டியது அதன் வாய்க்கு அல்ல.

ஒரே கன்றில ஒரு கொப்பு மட்டும் வேற நிறமா வருது. நோயா?

நோய் இல்லை. அரும்பில் நடக்கும் மாற்றம் அது. இரண்டு விதமாக வரும். முழுப் பச்சைக் கொப்பாக வந்தால் அடியோடு வெட்டிவிடுங்கள். பச்சையம் கூடியது வேகமாக வளரும், விட்டுவைத்தால் நிறக்கொப்புகளை அமுக்கிவிடும். வெளிச்சக் குறைவால் பச்சையானதோ என்று சந்தேகமானால், மற்றக் கொப்புகளைப் பாருங்கள். அவையும் பச்சை என்றால் இடத்தின் பிழை. இது மட்டும் என்றால் அரும்பின் வேலை.

புது நிறமாக, அழகாக வந்தால் அவசரப்பட்டு வெட்டாதீர்கள், பதி வையுங்கள். வீட்டுக்கு வீடு ஒன்றுக்கொன்று ஒத்துவராத குரோட்டன்கள் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனது பதினெட்டாவது சாடியில் நிற்பது அப்படி வந்த ஒன்று: மஞ்சள் புள்ளிச் செடியில் ஒரு கொப்பு மட்டும் ரோசா நரம்போடு விட்டது, அதைப் பதி வைத்து எடுத்தேன். இந்தச் சித்திரையில் அதில் இரண்டு இலை பழையபடி மஞ்சள் புள்ளிக்குத் திரும்பியிருக்கிறது. அந்தக் கிளையை வெட்டுவதா விடுவதா என்று ஐப்பசி மழைக்குத்தான் முடிவெடுப்பேன். அதுவரை அதைத் தனியாகக் காட்டும்படி யாரும் கேட்கவேண்டாம், விறாந்தையில் இடதுபக்கம் கடைசியில் நிற்கிறது.